இழுப்பறையில் இருக்கும் பழைய வன்தட்டு

"கணினி என்னவோ கேட்கிறது, கொஞ்சம் வந்து பார்" என்று அம்மா அழைத்தார். போய்ப் பார்த்தால், அவர் எழுதிக்கொண்டிருந்த பக்கத்தை முழுவதும் மறைத்தபடி ஓர் அறிவிப்பு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிகிறது. இந்தக் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை. பிறகு நினைவூட்டும்படி ஒரு பொத்தானை அழுத்தி அதை அனுப்பிவிட்டு, "ஒன்றுமில்லை அம்மா, நீங்கள் எழுதுங்கள்" என்றேன். அவர் எழுதத் தொடங்கிவிட்டார். எனக்குத்தான் அன்று முழுவதும் வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

என் பயத்துக்குக் காரணம் 2010இல் இருக்கிறது. அந்த ஆண்டு எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7க்கு மாறினேன். எக்ஸ்பியின் மேலேயே 7ஐ ஏற்றிக்கொள்ள வழி கிடையாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். ஆவணங்கள், படங்கள், பாடல்கள் எல்லாவற்றையும் டிவிடிகளில் எழுதி வைத்துக்கொண்டு, வன்தட்டைச் சுத்தமாக அழித்துவிட்டு நிறுவினேன். வேலை நன்றாகவே முடிந்தது. மின்னஞ்சல் மென்பொருளைத் திறந்தபோது உள்பெட்டி காலியாக இருந்தது. அஞ்சல்கள் நம் கணினிக்கு இறங்கியவுடன் சேவையகத்திலிருந்து அழிந்துவிடும்படி அமைத்துக்கொள்வது அப்போது வழக்கம். அங்கே இடம் குறைவு. இறங்கிய அஞ்சல்கள் ஆவணங்கள் கோப்புறையில் இருக்காது. பயனர் கணக்கின் அடியில், சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாத மறைகோப்புறை ஒன்றில் கிடக்கும். அப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அப்பா எனக்கு ஏழு ஆண்டுகள் எழுதிய கடிதங்கள் அதற்குள் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் காலமாகியிருந்தார்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இயங்குதளத்தை மாற்றலாமா என்று யாரைக் கேட்டாலும், புதியதில் என்ன வசதி, வேகம் எப்படி, பார்க்க எப்படியிருக்கும் என்றுதான் பேச்சு போகிறது. அந்தக் கணினிக்குள் திரும்பக் கிடைக்காத பொருள் என்ன இருக்கிறது, அது எந்த மூலையில் இருக்கிறது என்று எவரும் முதலில் கேட்பதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் ஒரு மாலைப்பொழுது கூடுதலாகச் செலவாகியிருக்கும், அவ்வளவுதான்.

அதன் பிறகு பல ஆண்டுகள், ஓடுகிற கணினியைத் தொடுவதில்லை என்றே இருந்தேன். 7இலிருந்து 10க்கும் மனமில்லாமல்தான் மாறினேன். இந்த முறையும் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்டோபர் 15ஆம் தேதி கணினி நின்றுவிடப் போவதில்லை. முந்தைய நாள் எப்படி ஓடியதோ அப்படியேதான் ஓடும். நிற்பது ஒன்றே ஒன்று, ஓட்டைகளை அடைக்கும் பணி.

அந்த ஒன்றை நான் குறைவாக மதிப்பிட்டிருந்தேன். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியாகின்றன. விண்டோஸ் 10க்கும் 11க்கும் உள்ளே பொதுவான பகுதிகள் நிறைய. 11க்கு ஒரு திருத்தம் வந்தால், திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டு, ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதே ஓட்டை 10இல் அடைபடாமல் இருக்கும். புதிய பதிப்புக்கு வரும் ஒவ்வொரு திருத்தமும் பழைய பதிப்பின் பலவீனத்துக்கு வழிகாட்டியாகிவிடுகிறது. இணையமே இல்லாத கணினி என்றால் இந்தக் கவலை பெரிதல்ல. ஆனால் அம்மாவின் கணினி நாள் முழுவதும் இணையத்தில் இருக்கிறது. வங்கிக் கணக்கையும் அதில்தான் பார்க்கிறோம்.

2017இல் வன்னாகிரை பரவியதைப் பலர் மறந்திருக்கலாம். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட அந்தத் தீநிரல் மே 12 அன்று தொடங்கி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் வரை ஸ்தம்பிக்க வைத்தது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. அதாவது இரண்டு மாதம் முன்னதாக. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆதரவு முடிந்த எக்ஸ்பி கணினிகள் அல்ல, அப்போது முழு ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். மருந்து வீட்டு வாசலுக்கு வந்திருந்தது, யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இதிலிருந்து எனக்கு ஒரு வேறுபாடு தெளிவானது. புதுப்பிப்பு வேறு, பதிப்பு மாற்றம் வேறு. இரண்டுக்கும் ஒரே பயத்தைக் காட்டக் கூடாது. மாதாந்திரத் திருத்தங்களைத் தள்ளிப்போடுவது ஆபத்து. வந்த வாரமே ஏற்றிவிட வேண்டும். பதிப்பு மாற்றத்துக்குச் சில மாதங்கள் பொறுப்பதில் தவறே இல்லை. 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10இன் அரையாண்டுப் பதிப்பு ஒன்று வெளியானது. ஆவணக் கோப்புறைகளை வேறு இடத்துக்குத் திருப்பி வைத்திருந்த சிலரின் கோப்புகளை அது அழித்துவிட்டது. சில நாள்களிலேயே நிறுத்திவைத்து, சரிசெய்து, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி வெளியிட்டார்கள். அவசரப்படாமல் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே, பொறுத்துப் பார்க்கிறேன் என்று சொல்பவரைச் சோம்பேறி என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். எதற்காகப் பொறுக்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எங்கள் கணினிக்கு என்னென்ன வழிகள்? அது 2017இல் வாங்கியது. இன்டெல் 7ஆம் தலைமுறைப் பிராசசர், 8 ஜிபி நினைவகம். விண்டோஸ் 11க்கு, மிகச் சில விலக்குகள் தவிர, இன்டெல் 8ஆம் தலைமுறை முதல்தான் அனுமதி. அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறும், நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதியும் வேண்டும். கட்டுப்பாடுகளைச் சுற்றிக்கொண்டு நிறுவும் வழிகள் உண்டு. ஆனால் அப்படி நிறுவிய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. புதுப்பிப்புக்காகத்தானே இந்த மாற்றமே? அந்த வழியை அன்றே விட்டுவிட்டேன்.

அடுத்தது, வீட்டுப் பயனர்களுக்கு அறிவித்த ஓராண்டு நீட்டிப்பு. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். இதில் உடனே பதிந்துகொண்டேன். முடிவெடுக்க மூச்சுவிடும் நேரம் கிடைத்தது. இன்னும் விண்டோஸ் 10இல் இருப்பவர்கள் வேறெதுவும் செய்யாவிட்டாலும் இதையாவது செய்துவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

புதுக் கணினி வாங்குவது என்ற யோசனையும் வந்தது. ஆனால் இந்தக் கணினியில் பழுது எதுவும் இல்லை. அம்மா எழுதுகிறார், படிக்கிறார், உறவினர்களோடு முகம் பார்த்துப் பேசுகிறார். எதற்கும் அது திணறியதில்லை. ஒரு தேதியைக் காட்டி நல்ல பொருளை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எஞ்சியது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம்.

இடையில் ஒன்று. எல்லோரும் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் 2019இல் பாகங்களை வாங்கித் தானே பொருத்திய கணினி வைத்திருக்கிறார். ரைசன் 3000 வரிசைப் பிராசசர். அவருக்கும் 'தகுதி இல்லை' என்றே அறிவிப்பு வந்தது, புதிதாக வாங்கக் கிளம்பிவிட்டார். கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸ் அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் டிபிஎம் வசதி இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறார்கள். அதை இயக்கியதும் தகுதி வந்துவிட்டது. பயாஸில் கை வைப்பதற்கு முன் ஒரு வேலையை மட்டும் அவரைச் செய்யச் சொன்னேன்: வன்தட்டு மறையாக்கம் செய்து பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். டிபிஎம் அமைப்பு மாறினால் அடுத்த முறை கணினி அந்த எண்ணைக் கேட்கக்கூடும். அது இல்லாவிட்டால் நம் கோப்புகள் நமக்கே திறக்காது. அவருக்கு 11 சரியான முடிவு. அவர் பயன்படுத்தும் கட்டட வரைபட மென்பொருள் லினக்ஸில் கிடையாது.

எங்கள் வீட்டுக்குத் திரும்புகிறேன். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையில் கணினியைத் திறந்ததும் என்ன செய்வார், அடுத்து எதை அழுத்துவார் என்று மூன்று நாள் பார்த்துக் குறித்தேன். ஆவணங்கள் என்று நான் நினைத்தவை சிறு பகுதிதான். உலாவியில் சேமித்த பக்கக்குறிகளும் கடவுச்சொற்களும் மறைகோப்புறையில் இருந்தன. எழுத்துப்பிழை திருத்தியில் அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வந்த சொற்பட்டியல் வேறொரு மறைகோப்புறையில். எழுத்துருக்கள் விண்டோஸின் சொந்தக் கோப்புறைக்குள். 2010இல் நான் தவறவிட்டது எந்த மாதிரி இடம் என்று இப்போது ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தேன்.

எழுத்துருவில்தான் எங்கள் பிரச்சினையின் முடிச்சு இருந்தது. அம்மா 2004 முதல் தன் வாழ்க்கை நினைவுகளை எழுதி வருகிறார். 340 பக்கங்கள் தாண்டிவிட்டன. எல்லாம் பழைய எழுத்துரு ஒன்றில். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டாலும், அது நம் வீட்டுக் கணினிகளில் பரவ வெகுகாலம் பிடித்தது. அதுவரை டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கம். அந்தக் கோப்புகளுக்குள் உண்மையில் தமிழ் எழுத்துகளின் ஒருங்குறி எண்கள் இல்லை. ஆங்கிலம் முதலான ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் இருக்கும் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். எழுத்துரு கூட இருக்கும்வரை தமிழ். இல்லையென்றால் பொருளற்ற எழுத்துக் குவியல். வேறொரு கணினியில் அம்மாவின் முதல் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன். அவருடைய பிறந்த வீட்டின் வாசலைப் பற்றி எழுதிய பத்தி, காற்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த கிறுக்கலாகக் கிடந்தது. அந்தத் திரையை அம்மாவிடம் நான் காட்டவில்லை.

முதல் வேலையாக, பழைய விண்டோஸிலேயே எல்லா அத்தியாயங்களையும் பிடிஎஃப் ஆக்கினேன். பிடிஎஃப் கோப்பு எழுத்துருவைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். எங்கே திறந்தாலும் பக்கம் மாறாது. பிறகு எந்தப் பிழை வந்தாலும் மூலம் எப்படி இருந்தது என்று அது சாட்சி சொல்லும். பழைய தமிழ்க் கோப்புகள் வைத்திருப்பவர்கள் இயங்குதளத்தை மாற்றப்போகிறார்களோ இல்லையோ, இதை இன்றே செய்துவிடலாம்.

அடுத்து, லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் தொடங்கினேன். இப்படித் தொடங்கும்போது நாமாக எதுவும் செய்யாதவரை வன்தட்டில் ஒரு எழுத்தும் மாறாது. வேகம் மட்டும் குறைவாக இருக்கும். ஒலி வருகிறதா, கம்பியில்லா இணையம் கிடைக்கிறதா, கேமரா தெரிகிறதா, உறங்கவைத்தால் எழுந்திருக்கிறதா, பிரின்டர் அச்சிடுகிறதா என்று நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. கடைசியாக, அலமாரியின் மேல் தூசி படிந்து கிடந்த ஸ்கேனரின் நினைவு வந்தது. விண்டோஸ் 10க்கு மாறியபோது அது நின்றுபோனது. தயாரித்த நிறுவனம் அதற்குப் பிறகு டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) எதையும் வெளியிடவில்லை. இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே நல்ல கருவி ஒன்று அநாதையானதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. துடைத்து, கம்பியைச் செருகி, மின்டில் இருந்த ஸ்கேன் மென்பொருளைத் திறந்தேன். கருவியின் பெயர் பட்டியலில் இருந்தது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்கடியில் விளக்கு எரிந்து, முனகலோடு மெல்ல நகரத் தொடங்கியது. பல ஆண்டு கழித்து. லினக்ஸில் பழைய ஸ்கேனர்களுக்கான டிரைவர்களைத் தன்னார்வலர்கள் எழுதிப் பராமரிக்கிறார்கள். தயாரித்தவர் கைவிட்டாலும் அவர்கள் கைவிடவில்லை. யாரென்றே தெரியாத அந்த மனிதர்களுக்கு அன்றிரவு மனதார நன்றி சொன்னேன்.

தட்டச்சு என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. அம்மா இளவயதில் தட்டச்சுப் பொறியில் பழகியவர். அவருடைய விரல்களுக்கு அந்த விசை அமைப்புதான் தெரியும். தமிழ் 99 விசை அமைப்புக்கோ ஒலிபெயர்ப்பு முறைக்கோ இப்போது மாறச் சொல்வது நியாயமில்லை. லினக்ஸின் உள்ளீட்டு முறைகளில் தமிழ் 99, இன்ஸ்கிரிப்ட் இவற்றோடு தட்டச்சுப்பொறி அமைப்பும் இருக்கிறது. அதைத் தேர்ந்து கொடுத்தேன். இரண்டு வரி அடித்துப் பார்த்துவிட்டு, "விசை எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கிறது" என்றார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

முடிவு அத்தோடு ஆகிவிட்டது. ஆனாலும் பழைய வன்தட்டில் கைவைக்க நான் தயாராக இல்லை. வன்தட்டுக்கு மாற்றாக வரும், சுழலும் பாகங்கள் இல்லாத சிறிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி வந்தேன். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். பழைய வன்தட்டில் இரண்டு கம்பிகள், ஒன்று தரவுக்கு, ஒன்று மின்சாரத்துக்கு, நான்கு திருகுகள். இருபது நிமிட வேலை. அதை வெளியே எடுத்து, உறையில் போட்டு, 'விண்டோஸ் 10, அம்மா, முழுமையானது' என்று எழுதித் தேதியிட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். புதிய எஸ்எஸ்டியில் மின்டை நிறுவினேன். நிறுவும்போது, வட்டை முழுவதும் அழித்துவிடலாமா என்று ஒரு கேள்வி வரும். 2010இல் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்திய விரல் இதுதான். இந்த முறை அதை அழுத்தும்போது கை நடுங்கவில்லை. அழிவதற்கு அந்த வட்டில் எதுவுமே இல்லை. இருப்பதெல்லாம் இழுப்பறையில் இருந்தது. ஒரு வாரத்தில் பிடிக்கவில்லையென்றால் நான்கு திருகுகளைக் கழற்றிப் பழையபடி மாட்டிவிடலாம்.

வன்தட்டைத் தவிர இன்னும் இரண்டு பிரதிகள் எடுத்தேன், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று என் தங்கை வீட்டில். எடுத்ததோடு விடாமல், தங்கையிடம் அவள் கணினியில் சில கோப்புகளைத் திறந்து படித்துக் காட்டச் சொன்னேன். தொலைபேசியில் அவள் படிக்கப் படிக்க, நோட்டில் ஒவ்வொன்றாகக் குறியிட்டேன்.

ஒருங்குறிக்கு மாற்றும் வேலைதான் நீண்டது. மாற்றும் மென்பொருள்கள் இருக்கின்றன, 340 பக்கங்களைச் சில நொடிகளில் மாற்றிவிடும். ஆனால் பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் எழுத்து சேமிக்கப்பட்டிருக்கும். 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க. ஒருங்குறியில் முதலில் க, பிறகுதான் கொம்பு. மாற்றும் மென்பொருள் ஒவ்வொரு கொம்பையும் எடுத்து எழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். சிக்கல் எங்கே வருகிறதென்றால் ஔகாரத்தில். அந்த உயிர்மெய்யின் கடைசியில் வரும் குறியும் 'ள' என்ற எழுத்தும் பார்க்க ஒன்றேதான். பல பழைய எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே இடம். கொம்பு, வ, ள என்று வரிசையாக இருந்தால் அது 'வௌ' என்பதா, 'வெள' என்பதா? மனிதர் படித்தால் ஒரு நொடியில் தெரியும். மென்பொருளுக்குத் தெரியாது. அம்மாவின் நூலில் 'வெளி' என்ற சொல் வந்த இடமெல்லாம் 'வௌி' ஆகிவிட்டது. வௌியே, வௌிச்சம், வௌியூர். ஒரே எழுத்தில் ஔகாரமும் இகரமும் ஏறி உட்கார்ந்திருந்தன.

"இதை நானே சரிசெய்துவிடுகிறேன் அம்மா. தேடி மாற்றும் வசதி இருக்கிறது. ஒருமுறை சொன்னால் எல்லா இடத்திலும் மாறிவிடும்" என்றேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். முதல் அத்தியாயம், பிறந்த வீட்டின் வாசல்.

"வேண்டாம்" என்றார். "இதை எழுதி இருபது வருடம் ஆகிறது. முழுவதையும் ஒருமுறை படிக்கத்தானே போகிறேன். கண்ணில் படும்போது நானே மாற்றிக்கொள்கிறேன்."

நேற்று 112ஆம் பக்கத்தில் இருந்தார்.